நண்டு மாமா பாட்டு

ஐம்பத்து நான்காம் ஆண்டு தை மாதம், கிருபாமலர் முதன்முதலாக டீச்சர் வேலைக்குப் போனாள். கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு நடந்துதான் போனாள். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுப் பிள்ளைகள் அழுவார்களே, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் வேதக்காரியான, கிறிஸ்தவளான தன்னிடம் ஒட்டுவார்களோ என்ற பயமும் இருந்தது. அதற்காகவே வழிநெடுக மனதுக்குள் ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு போனாள். வாய்விட்டுப் பாடவில்லை.

உம்மாமார் விட்டுவிட்டுப் போன பிறகும் ஒரு பிள்ளையும் அழவில்லை. பாயில் உட்கார்ந்து எல்லோரும் அவளையே ஆசையாகப் பார்த்தார்கள். அவள் தொடங்கினாள்.

“நண்டு மாமா நடந்து வாறார்...”

“நனைஞ்ச மணலில் எழுதிப் பழகுறார்!” என்று வகுப்பே எடுத்துப் பாடியது.

அது அவள் கட்டிய அடிதான். ஒரு சொல்லும் மாறவில்லை.

“ஆரு புள்ள சொல்லித் தந்த?”

முன்னால் இருந்த ஸித்தி சிரித்தாள். “நீங்கதானே டீச்சர், நேத்து.”

“நேத்து பள்ளிக்கூடம் பூட்டித்தானே மகள் கிடந்த?”

“ஓம் டீச்சர். நாங்களும் நீங்களும் மட்டுந்தானே வந்த.”

பிள்ளைகள் கைதட்டிப் பாடினார்கள். அந்தக் குதூகலம் அவளையும் தொற்றிக்கொண்டது. அவளும் சேர்ந்து பாடினாள். அவள் கட்டியது இரண்டாம் சரணத்தோடு முடிந்தது. பிள்ளைகள் நிறுத்தாமல் மூன்றாவதைப் பாடினார்கள். முதல் இரண்டையும் விட அது நன்றாக இருந்தது.

கிருபாமலர் பாயில் அவர்களோடு போய் உட்கார்ந்தாள்.

“பாட்ட மெல்லப் படிங்க மகள்,” என்றாள். “டீச்சரும் பழகணும்.”