நெட்டுப் பொருத்தம்

“உனக்குப் பிடிக்கலைன்னா என்னடி பண்ணுவ?”

அம்மா எப்போதோ ஒருமுறை கேட்டாள். பால்கனிக் கொடியில் துணி காயப்போட்டபடி, தமிழரசியின் முகத்தைப் பார்க்காமல்.

தமிழரசி அடுத்த துணியை உதறிக் கொடுத்தாள். அம்மா மறுபடி கேட்கவில்லை.

இன்று பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை பத்ரி கோயமுத்தூர்க்காரன். கம்பெனி இதே ஊரில், ஹிஞ்சவடியில் இருந்தாலும் அவன் அங்கே போவது எப்போதாவதுதான். வீடுதான் ஆபீஸ். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீடு வாகட்டில் உள்ள இந்த ஃப்ளாட்டாகவே இருந்துவிடலாம் என்பது அவன் அம்மாவின் யோசனை. ஒரே பெண், தனி ரூம், லிஃப்ட்.

“ஜாதகம் ஜோராப் பொருந்திருச்சுங்க. இனி நெட்டு பொருந்துனாச் சரிங்க,” என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மாள் சோஃபாவில் உட்கார்ந்தார்.

தமிழரசி தட்டை நீட்டினாள். பத்ரி ஒரு கையால் பஜ்ஜியை எடுத்தான். மறு கையால் போனை உயர்த்தினான். திரையில் நெட் வேகம் காட்டும் ஒரு முள் துள்ளி எழுந்து, கொஞ்சம் தயங்கி, நின்றது.

“ஹால்ல எண்பது. ஓகே.”

மகள் டிகிரி வாங்கிய அன்றுகூட அப்பாவின் முகம் இப்படி மலர்ந்ததில்லை.

அப்பா ஜம்புலிங்கம் கட்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரவுட்டரைச் சமையலறையில் ஃபிரிட்ஜின் தலையில் ஏற்றி வைத்தது அவர்தான். வீட்டுக்கு நடுவில் அதைவிட உயரமான இடம் இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு குறை. பக்கத்தில் மைக்ரோவேவ் ஓடினால் நெட் படுத்து, டிவியில் பந்து பாதி வழியில் உறைந்துவிடும். ஆகவே மேட்ச் நேரத்தில் அம்மா எதையும் அடுப்பில்தான் சூடாக்க வேண்டும். சோஃபாவில் ஈரத்துண்டு போடக்கூடாது என்பதைப் போல அதுவும் ஒரு வீட்டுச் சட்டம்.

ஊர்வலம் கிளம்பியது. பத்ரி போனை ஏந்தி முன்னால் போனான். அப்பா லைட்டைப் போட்டுக்கொண்டே அடுத்து. தமிழரசி பஜ்ஜித் தட்டோடு கடைசியில்.

பெரிய ரூமில் எழுபது. பால்கனியில் ஐம்பது. பாத்ரூம் கதவைத் திறந்து கையை மட்டும் உள்ளே நீட்டினான்.

“நாற்பது. அவசரத்துக்குப் போதும்.”

“பில்குல், தாராளமாப் போதும்,” என்றார் அப்பா.

பத்ரி முதல் தடவையாகத் தமிழரசியின் பக்கம் திரும்பினான். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஆள் குறுக்க நின்னா சிக்னல் கொறையும்.”

தள்ளி நின்றாள்.

கடைசியாக அவளுடைய ரூம். மேஜையில் கம்மல் ஜோடி, தலைவாரும் சீப்பு, ஔந்தில் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் சாவிக்கொத்து. பத்ரி சாவிக்கொத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, லேப்டாப் வைக்கும் இடத்தை உள்ளங்கையால் அளந்தான்.

“இதுதான் என் ஆபீஸ். பகல்ல மீட்டிங் இருக்கும், இங்க யாரும் வரக்கூடாது. அவங்க கடைக்குப் போறதை விட்டுடட்டும். நேரத்துக்கு டீ குடுக்க ஆள் வேணும்ல.”

“அதெல்லாம் விட்டுடுவா மாப்ளே,” என்றார் அப்பா.

தமிழரசி தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்றும் கேட்காதவள் போல உள்ளே போய்விட்டாள்.

பத்ரி கொஞ்ச நேரம் ஜன்னல் வெளிச்சத்தை ஆராய்ந்தான். பிறகு போனை உயர்த்தினான். முள் துள்ளியது. பாதியில் சரிந்தது.

“ரெண்டு.”

“இன்னொரு தடவை பாருங்க மாப்ளே.”

ஜன்னலோரம் பார்த்தான். கட்டிலில் ஏறி நின்று பார்த்தான். மேஜைக்கடியில் குந்தி உட்கார்ந்தும் பார்த்தான். ஒன்றுக்கு மேல் வரவில்லை. ஹாலுக்கு ஓடினான். சற்றுமுன் எண்பது காட்டிய அதே சோஃபாவில் இப்போது மூன்று.

பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று கேள்விப்பட்டவனைப் போல உட்கார்ந்துவிட்டான்.

“ஆரம்பத்துல எல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும். போகப் போகத்தானே தெரியுது,” என்றார் அவன் அம்மா.

“புது ரவுட்டர் வாங்கிடலாம் மாப்ளே.”

“ரவுட்டர் இல்லைங்க. கட்டடம் அப்படி. சுவர் ரொம்பக் கனம்.”

அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார். முடிந்தால் அப்போதே இடித்திருப்பார்.

“ஊருக்குப் போயி பேசிட்டுச் சொல்றோமுங்க,” என்று எழுந்தார் அந்த அம்மாள். பத்ரி மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டான். வாசலில் செருப்பு மாட்டும்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழரசி காலித் தட்டோடு சமையலறைக்குள் போனாள்.

மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே பஜ்ஜி இல்லை, ரசம் இல்லை. ஒரு பீங்கான் கோப்பையில் வெறும் தண்ணீர். கொதித்துக் கொதித்துப் பாதியாகிவிட்ட தண்ணீர், மஞ்சள் வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அம்மா ஒரு விரலைப் பொத்தான் மேல் வைத்தபடி நின்றிருந்தாள். வெளியே லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. பொத்தானை அழுத்தினாள்.

“அடச்சே, இப்பப் பாரு, எண்பது வருது,” என்றார் அப்பா ஹாலிலிருந்து.

அம்மா துணியைச் சுற்றிக் கோப்பையை எடுத்தாள். தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். ஆவி எழுந்து அடங்கியது.

தமிழரசி வாயைத் திறந்தாள்.

அம்மா அவளைத் தாண்டி, காய்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனாள்.