டீ போட முடியுமா?

"மூளையில ரத்தம் அடைச்சு மூணு மாசம்தான் ஆச்சு. புருஷனைத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போறாளாம்!"

சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் சரசுவின் வீட்டுக்குள் நுழைந்ததுமே நாத்தனார் பூவம்மா ஆரம்பித்துவிட்டாள்.

சரசு கைபேசியைப் பார்த்தாள். ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில் கல்லாவில் உட்கார ஆள் கேட்டிருந்தார்கள். இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் போக ஆசைதான். கணவர் கதிரேசனோ, "நான் எப்படித் தனியா சமாளிப்பேன்?" என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டு என் தம்பியைச் சோதனை எலியாக்கினே. இன்னைக்கு அம்போன்னு விட்டுட்டுப் போறே!"

அந்த ஆராய்ச்சிக் குழுவிலிருந்துதான் அப்போது சுஷ்மிதா வந்தாள். மூளை ரத்தக்குழாய் அடைப்பை எந்த முறையில் சரிசெய்தால் நோயாளி நன்றாகத் தேறுகிறார் என்று மூன்றாம் மாதம் நேரில் வந்து பார்க்கிற பெண்.

"வாம்மா," பூவம்மா முந்திக்கொண்டாள். "அன்னைக்குத் தொடை வழியா ஒரு குழாயை..."

சுஷ்மிதா காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ஆன்ட்டி, சொல்லாதீங்க லா! என்ன சிகிச்சைன்னு எனக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா மார்க் போடும்போது மனசு ஒரு பக்கம் சாயும்."

கதிரேசன் நடந்து காட்டினார். கையைத் தூக்கினார். கையெழுத்தும் போட்டார்.

"வெளியே போறீங்களா, அங்கிள்?"

"தினமும் பஸ் பிடிச்சு தேக்கா சந்தைக்குப் போவேன். கூட்டாளிங்க காத்திருப்பாங்க."

"சூப்பர்! வீட்டுல? டீ போட முடியுமா?"

"முடியாது."

"சோறு போட்டுச் சாப்பிட?"

"சரசுதான் போடணும்."

"துணியை மெஷின்ல போட?"

"முடியாதும்மா."

சுஷ்மிதாவின் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு கஷ்டம் இருக்கும்னு நான் நெனைக்கலை, அங்கிள்."

"கேட்டுக்கோ!" என்றாள் பூவம்மா, சரசுவைப் பார்த்து.

சரசுவுக்கே மனசு கேட்கவில்லை. கடைக்காரருக்கு 'வர முடியாது' என்று அனுப்பக் கைபேசியை எடுத்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, அங்கிள். நோய் வர்றதுக்கு முன்னாடி இந்த வேலையெல்லாம் எப்படிச் செஞ்சீங்க?"

கதிரேசன் மின்விசிறியைப் பார்த்தார். பூவம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவன் எதுக்கும்மா செய்யணும்? பொறந்ததுலேர்ந்து அடுப்பு பக்கமே போனதில்லை. குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வெச்சதில்லை. ராஜா மாதிரி வளர்த்தோம்!"

சுஷ்மிதா பேனாவை நிறுத்தினாள். "அப்போ, இந்த நோயால முடியாமப் போனதுன்னு எதுவும்..."

"ஒண்ணும் இல்லை," என்றார் கதிரேசன், மெதுவாக.

"கங்கிராட்ஸ் அங்கிள்! நீங்க முழுக்க குணமாயிட்டீங்க!"

சரசு, அடித்து வைத்ததை அழித்துவிட்டு, 'திங்கட்கிழமை வருகிறேன்' என்று அனுப்பினாள். பிறகு சுஷ்மிதாவை வழியனுப்ப லிஃப்ட் வரை போனாள்.

"ஏன்மா," என்றாள், கதவு மூடும் முன். "பொறந்ததுலேர்ந்து இருக்கிற அடைப்புக்கு உங்க ஆஸ்பத்திரியில ஏதாவது ஆராய்ச்சி நடக்குதா? அதுக்கும் நான் கையெழுத்துப் போடறேன்."