பாதிப் பாட்டு

"பிரேக் பிடிக்குது, லைட் எரியுது, ஒரு தடவை சார்ஜ் போட்டா ரெண்டு நாள் ஓடுது. அப்புறம் எதுக்கு சார் வண்டியைக் கொண்டு வந்தீங்க?"

மெக்கானிக் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கோல்ஃப் வண்டிகளை விற்பதும் பழுது பார்ப்பதும் அவள் கடையின் வேலை. எதிரில் நின்றவர் கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பவர். போன வருஷம் இதே கடையில் பழைய வண்டி ஒன்றை வாங்கிப் போனவர்.

"கீச்சு கீச்சுங்குதும்மா. சத்தமே வரக்கூடாது."

அவள் பின் இருக்கையை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தாள். இரண்டு முறையும் வண்டி கீச்சிட்டது.

"ஸ்பிரிங்ல ரப்பர் புஷ் தேஞ்சிருக்கு. ஓட்டத்துக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல. இன்னும் ஒரு வருஷம் தள்ளலாம்."

"ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. மாத்திடுங்க."

"ஏன், மைதானத்துல ஆடுறவங்க திட்டுறாங்களா?"

"அவங்க திட்டினா வாங்கிட்டுப் போறேன்." அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இந்தச் சத்தத்தால வீட்டுல பாட்டு நின்னு போகுது."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள் மெக்கானிக் அம்மாள். இப்படி ஒரு புகார் அந்தக் கடைக்கு இதுவரை வந்ததில்லை.

"கல்யாணமான புதுசுல கூட்டாளிங்க நாலு பேர் வீட்டுக்கு வந்தாங்க. என் வீட்டுக்காரியைப் பாடச் சொன்னாங்க. நல்லாத்தான் பாடினா. நான் பெரிய ஜோக்கு அடிக்கிறதா நினைச்சு, 'வாசல் கேட்டுக்கு எண்ணெய் போடணும்போல இருக்கே'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அதோட சரி. இருபத்தொன்பது வருஷமா என் முன்னாடி வாயைத் திறந்து ஒரு வரி பாடினதில்ல."

"நல்லா வேணும் உங்களுக்கு."

"வேணும்தான். ஆறு மாசம் முன்னாடி ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை வீட்டுலயே மறந்துட்டேன். மத்தியானம் எடுக்கப் போனா, தெருமுனை வேகத்தடையைத் தாண்டுறேன், உள்ள பாடிக்கிட்டிருக்கா! அன்னையிலிருந்து டப்பாவே எடுத்துட்டுப் போறதில்ல. தினமும் வீட்டுலதான் சாப்பாடு. ஆனா வாசல்கிட்ட வந்ததும் இந்தச் சனியன் கீச்சுங்குது, அவ டக்குனு நிறுத்திடறா. பாதிக்கு மேல கேட்டதே இல்லம்மா. ஒரு தடவையாவது முழுசாக் கேட்கணும்."

"நேரா மன்னிப்புக் கேட்டுப் பாடச் சொல்ல வேண்டியதுதானே?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு?"

அன்று மாலைக்குள் புது புஷ் மாட்டியாயிற்று. கழற்றிய பழைய சாமானைக் கவரில் போட்டு வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுவது அந்தக் கடை வழக்கம். நாளைக்கு, 'மாத்தவே இல்ல'ன்னு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. கவர் அவர் வண்டியின் சாமான் பெட்டிக்குள் போனது.

நாலு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"வண்டி பூனை மாதிரி போகுதும்மா."

"அப்போ முழுப் பாட்டும் கேட்டாச்சா?"

"எங்கே? நாலு நாளா வீடே கப்சிப். தெருமுனையிலயும் இல்ல, வாசல்லயும் இல்ல. பாடுறதையே விட்டுட்டாபோல. உடம்புக்கு ஏதாவதுன்னு கேட்டா, நல்லாத்தான் இருக்கேங்கறா." அவர் குரல் இறங்கிவிட்டது. "இருந்த பாதியும் போச்சு."

மறுநாள் காலை அதே வண்டி கடை வாசலில் சத்தமில்லாமல் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. இறங்கியவள் கையில் அந்தக் கவர் இருந்தது.

"தங்கச்சி, இது பெட்டியில கிடந்துச்சு. இதுதான் சத்தம் போட்ட சாமானா?"

"ஆமாக்கா."

"இதையே திரும்ப மாட்டிடு. அவர்கிட்ட சொல்லாதே."

மெக்கானிக் அம்மாள் கவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் தெரிந்துபோய்விட்டது!

"அக்கா, புதுசை எடுத்துட்டுத் தேஞ்சதை யாராவது மாட்டுவாங்களா?"

"புதுசு மாட்டினதுல இருந்து அவர் வர்றதே தெரிய மாட்டேங்குது. திடீர்னு வாசல்ல வந்து நிக்கறார்."

"நிக்கட்டுமேக்கா. பாவம் மனுஷன். அன்னைக்குச் சொன்ன ஒரு வார்த்தைக்கு இன்னும் மருகிக்கிட்டிருக்கார். ஒளிஞ்சாவது உங்க பாட்டை முழுசாக் கேட்கணும்னுதான் இதையே மாத்தினார். இதைத் திரும்ப மாட்டினா, சத்தம் கேட்டதும் நீங்க நிறுத்திடுவீங்க."

அவள் கவரை மெக்கானிக் அம்மாளின் கையில் வைத்து அழுத்தினாள். முகம் புதுப் பெண்ணைப்போலச் சிவந்துவிட்டது.

"நிறுத்தறதுக்கு இல்ல தங்கச்சி. வேகத்தடையில அந்தக் கீச்சு கேட்டாத்தானே நான் பாடவே ஆரம்பிப்பேன்! வாசலுக்கு வந்ததும் நானாத்தான் நிறுத்திக்குவேன். முழுசாக் கேட்டுட்டார்னா, மறுநாள் மத்தியானம் டப்பாவை எடுத்துட்டுப் போயிடுவாரே!"