பி53-க்கு வைத்த ஃபாண்டா

எங்கள் பாங்காக் ஆய்வகத்தில், படமெடுக்கும் கருவியின் முன்னால் சிவப்பு ஃபாண்டா வேர்த்துக்கொண்டு நிற்கிறது. இந்த ஊர் வழக்கப்படி, நாங்கள் ‘ஆஜான்’ (ஆசிரியர்) என்று அழைக்கும் பேராசிரியர் வினிட் சாமிக்கு வைத்த படையல். கெட்டுப்போன செல்லைப் பெருகவிடாமல் தடுக்கும் பி53 புரதம் தன் மருந்தால் கூடுகிறது என்று டிவியில் பீற்றிக்கொண்ட மகான். திரையிலோ, புரத அளவைக் காட்டும் கறுப்புக் கோடு மருந்து கொடுத்த செல்லுக்கும் கொடுக்காத செல்லுக்கும் ஒரே அளவு. கும்பிட்ட கையாலேயே மவுஸைப் பிடித்து, கொடுக்காததன் கோட்டை வெள்ளையாக அழிக்கிறார். வழுக்கையில் நீல வெளிச்சம் மினுங்க, நாக்கு நுனி வெளியே துருத்துகிறது. பக்கத்தில் நிற்கும் ஆராய்ச்சி மாணவி ரட்சனி ஃபாண்டாவை எடுத்து உறிஞ்சுகிறாள்.

“ஐயய்யோ, சாமிக்கு வச்சத எச்சில் பண்றியே, பாவமில்லையா?”

“நீங்க அழிக்கிறதப் பாத்துட்டே சும்மா இருக்குற சாமி, ஆஜான். நான் குடிச்சா மட்டும் கேக்கவா போகுது?”