முப்பத்திரண்டாவது தாள்

"படிக்கத் தெரியலைன்னா சுவரைத் தொடாதீங்கக்கா. எத்தனை தடவைதான் சொல்றது?"

மாணவர் சங்கச் செயலாளர் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. துடைப்பத்தோடு நின்ற துப்புரவு அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா" என்றாள்.

செயலாளருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பக்கத்து நாட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் பூட்டிக் கொளுத்தியது. செத்த பிள்ளைகள் முப்பத்தொரு பேர். ஆளுக்கொரு தாளில் பெயரும் வயதும் எழுதி, மாணவர்கள் சங்க அறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முப்பத்திரண்டாவது தாளில் பெயர் இல்லை. 'டீச்சர்' என்று மட்டும் இருந்தது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம்.

அகர வரிசையில் ஒட்டிவிட்டுப் போவார்கள். காலையில் வந்து பார்த்தால் எல்லாம் இடம் மாறியிருக்கும். ஆறு வயது, ஏழு வயதெல்லாம் முதல் வரிசையில், பத்து, பன்னிரண்டெல்லாம் கடைசி வரிசையில். சுவரைத் துடைக்கக் கழற்றிவிட்டுக் கைக்கு வந்தபடி ஒட்டிவிடுகிறாள் என்று மூன்று வாரமாக இதே ரோதனை.

இன்றைக்குப் பார்த்தா இதுவும் நடக்க வேண்டும்? பட்டியல் விசாரணைக் குழுவுக்குப் போகக் கடைசி நாள். அந்தப் பிள்ளைகளை நேரில் அறிந்த ஒருவராவது ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊர் விசாரணையிலேயே வராது. அப்படி ஒரு பள்ளிக்கூடமே இருந்ததில்லை என்றுதான் பட்டாளம் சாதித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய தோழி 'ரேடியோ' போனைக் கீழே வைத்தாள். ஓயாமல் பேசுவதால் வகுப்பில் வைத்த பேர் அது.

"எல்லா அகதி முகாம்லயும் கேட்டாச்சுடி. தப்பிச்சு வந்தவங்க எல்லாம் வேற ஊர்க்காரங்க."

"டீச்சர் வீட்டு ஆளுங்க?"

"ஒண்டிக்கட்டையாம். பிள்ளைங்களோடயே போயிட்டாங்கன்னு சொல்றாங்க."

மணி நாலரை. செயலாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

"முப்பத்தோரு பிள்ளைங்கடி. இப்படி இருந்தாங்கன்னு சொல்ல ஒரு ஆள் இல்லையா?"

அக்கா துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"ஒரு ஆள் போதுமாம்மா?"

"போதும்க்கா. அதுக்கு நான் எங்க போவேன்?"

"வந்தா என்ன கேப்பாங்க?"

"பிள்ளைங்களப் பத்திக் கேப்பாங்க." செயலாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க மட்டும் எப்படிப் பொழச்சீங்கன்னும் கேப்பாங்க. அதுக்குப் பயந்துதான் பாதிப் பேர் வரமாட்டேங்கறாங்க."

அக்கா ஈரக் கையைச் சீருடைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். கடைசித் தாளின் நான்கு மூலைகளையும் கிழியாமல் மெல்ல உரித்தாள்.

செயலாளருக்கு வந்ததே ஆத்திரம். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? அது டீச்சரோட தாள்க்கா. குடுங்க, ஒட்டணும்."

அக்கா கொடுக்கவில்லை. தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, பட்டியலைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒட்ட வேணாம்மா. அன்னிக்கு நான் லீவு."