இரண்டாம் பாகத்து வில்லன்

“சுட்டுத் தள்ளுங்க அவனை! உயிரோட பிடிக்க வேணாம்!”

அதிகாரியின் குரலில் வீடே அதிர்ந்தது. கார்த்திகேசு சோபாவின் ஓரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மோகனா ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை இன்னும் கூட்டினாள். “நல்லாப் பாருங்கப்பா. உங்களுக்காகத்தான் போட்டேன்.”

‘நீலக்கவசம்’ இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாகத்தில் வெறும் அடிதடிதான். இதில்தான் அந்தப் பறக்கும் வீரன், தனக்குக் கவசம் கொடுத்த அமைச்சரே நாட்டை விற்பதைக் கண்டுபிடிப்பான். சொந்த ராணுவமே அவனைத் துரத்தும். பள்ளிக்கூட வயதில் அப்பாவோடு தியேட்டரில் பார்த்த படம். அம்மா இறந்த பிறகும், மோகனாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பாவும் மகளும் இதைத்தான் சேர்ந்து பார்ப்பார்கள். வசனமெல்லாம் மனப்பாடம்.

இன்றும் பிறந்தநாள்தான். ஆனால் இந்த வாரம் முழுக்க அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

சுங்கை பினாங்கில் அவர்களுடைய அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு திடல். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பந்து விளையாட மிஞ்சியிருக்கும் ஒரே இடம். அதில் கார் நிறுத்துமிடம் கட்ட ஒரு கம்பெனி வந்து கேட்டது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் கார்த்திகேசு, சூலியா தெருச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கம்பெனிக்காரனிடம், “எடுத்துக்குங்க, சங்கத்துல நான் பார்த்துக்கிறேன்” என்று சொன்ன பேச்சின் ஒலிப்பதிவு, ஏதோ ஒரு புது நம்பரிலிருந்து எல்லாருடைய வாட்சப்புக்கும் வந்து விழுந்தது.

அன்றிலிருந்து அவர் லிப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கினார்கள். பக்கத்து வீட்டு நூர் ஃபாத்திஹா மோகனாவைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவில் எவனோ காறித் துப்பியிருந்தான்.

கார்த்திகேசு அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். யார் துப்பியது, யார் பதிவு செய்து அனுப்பியது என்று ஒருவரையும் கேட்கவில்லை.

திரையில் அமைச்சர் சிரித்தபடி யாருடனோ கைகுலுக்கினார். மோகனா படத்தை அப்படியே நிறுத்தினாள்.

“போன வருஷம் இந்த ஆளைப் பார்த்து என்ன சொன்னீங்க? கூட இருந்தே விக்கிறவனை முதல்ல பிடிச்சு உள்ள போடணும்னு சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன்.”

“இப்ப உங்களை எங்க போடுறது?”

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

“திடலை வித்த தலைவரே, வெளிய வாங்க!”

சங்கத்தின் துணைத்தலைவர் குணாளன். வெளியே கூடி நின்றவர்களுக்குக் கேட்கட்டும் என்றே கத்தினான். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் குரல் இறங்கிவிட்டது.

“அண்ணே, கமிட்டியில உள்ள நாங்க நாலு பேரும்தான் அன்னிக்கு உங்க கூட உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்க பேரை எங்கயும் இழுத்து விட்டுடாதீங்க. நல்ல வேளை, அந்த ரெக்கார்டிங்ல எங்க பேச்சு ஒண்ணும் விளங்கல.”

மோகனா எழுந்துவிட்டாள். “நீங்களும் அங்க இருந்தீங்களா அங்கிள்?”

“நீ உன் வேலையைப் பாரு லா.” அவன் கார்த்திகேசுவின் பக்கம் குனிந்தான். “எல்லாம் போச்சு. ஜனங்க இப்படிக் கொதிக்கிறதைப் பார்த்துட்டு, கம்பெனிக்காரன் காலையிலதான் போன் போட்டான். வேணாம், வேற இடம் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டான். எவன் ரெக்கார்ட் பண்ணான்னு மட்டும் சொல்லுங்க, கையை உடைச்சிடுறேன்.”

“நான் பதவியை விட்டுடறேன். போதுமா? கிளம்பு.”

குணாளன் கதவைத் திறந்தான். வெளியே கால் வைத்ததும் பழைய குரல் திரும்பிவிட்டது. “மானம் இருந்தா வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிடணும்!”

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

மோகனா டிவியை அணைத்தாள். அந்தப் படத்தை அவர்கள் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அறைக்குள் போனவள் துணிப்பையோடு வந்தாள்.

“பாலம் தாண்டி பிறையில எங்க பேக்டரி ஹாஸ்டல்ல இடம் கேட்டிருக்கேன். இனி அங்கயே இருந்துக்கிறேன்.”

“மோகனா...”

“அவங்க நாலு பேரும் அயோக்கியனுங்க, சரி. முடியாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேம்மா. என்னை இறக்கிட்டு குணாளனை உட்கார வெச்சுக் கையெழுத்துப் போட இருந்தாங்க. வெளிய தெரியறதுக்குள்ள திடல்ல கல்லும் மணலும் வந்து இறங்கியிருக்கும்.”

“அதனால நீங்களும் கூட்டுச் சேர்ந்துட்டீங்க.” அவள் கசப்பாகச் சிரித்தாள். “அந்தப் பேச்சை வெளிய விட்டான் பாருங்க, அவன் மனுஷன். அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம். உங்க முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கல.”

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள். கார்த்திகேசு விரைந்து வந்து அதை மறுபடி சாத்தினார். வெளியே நின்றவர்கள் காதில் விழாதபடி, மெல்லச் சொன்னார்.

“அவங்க நாலு பேர் குரலும் பதிவாகும்னு நெனச்சுத்தாம்மா போனைச் சட்டைப்பையில வெச்சிருந்தேன்.”