ஒரு கீறல் குறையாமல்

"ஒரு கீறல்கூடக் குறையக் கூடாது, மேஸ்திரி!" என்றார் அதிகாரி தச்சரிடம், வழுக்கையைத் துடைத்துக்கொண்டே.

அந்தக் காலத்து ரயில் பெட்டியைப் புதுப்பிக்கும் வேலை. இருக்கைகளின் சாய்மானப் பலகைகளில் கரையானுக்குத் தப்பியது ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்த்து நாற்பது செய்ய வேண்டும்.

"ஐயா, இதுல எவனோ கத்தியால இதயம் போட்டு, 'என் சுருட்டைக்கு'ன்னு கிறுக்கி வச்சிருக்கான். அதை மட்டும் விட்டுடலாமா?"

"பழசுல இருக்கிறது புதுசுலயும் இருக்கணும். விதி விதிதான்!"

தச்சர் தலையில் அடித்துக்கொண்டு, நாற்பது தேக்குப் பலகைகளிலும் நாற்பது இதயங்களைச் செதுக்கினார். உளிக்கே வெட்கமாக இருந்திருக்கும். அதிகாரியோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளோட்ட நாளன்று மனைவியோடு வந்தார். பெட்டிக்குள் நுழைந்த அந்த அம்மா முதல் பலகையைத் தடவினார், இரண்டாவதைத் தடவினார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னங்க, காலேஜுக்குப் போறப்ப நான் கிறுக்கினதை நாப்பது தடவை செதுக்க வச்சிருக்கீங்களே!"

அதிகாரிக்கு முகமெல்லாம் பல். "அடடே, நீதானா அது! சுருட்டைன்னு என்னையா..." தலைக்குப் போன கை பாதியில் நின்றது. "எனக்கு முடி இருந்த காலத்துலகூடச் சுருட்டை இல்லையே?"

"உங்களைன்னு யாரு சொன்னா?"

"மேஸ்திரி!" அதிகாரி அலறினார். "இழைப்புளியை எடுங்க! நாப்பதையும் இழைச்சுத் தள்ளுங்க!"

தச்சர் இழைப்புளியைப் பைக்குள் போட்டு மூடினார்.

"ஒரு கீறல்கூடக் குறையக் கூடாதுங்களே, ஐயா!"